விண்கலத்தைக் கழற்றிப் பூட்டுவது எப்படி ஓய்வாகும்?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு கராஜில் பகல் முழுவதும் ஓட்டோ எஞ்சின் கழற்றிப் பூட்டும் ஓர் இளைஞனை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு வீட்டுக்கு வந்து, விரலிடுக்கில் ஒட்டிய கிறீஸைத் தேய்த்துக் கழுவி, சாப்பிட்ட கையோடு கணினிக்கு முன்னால் உட்காருகிறான். திரையில் ஓர் உடைந்த விண்கலம். மறுபடியும் கழற்றல், மறுபடியும் பூட்டல். "பகலெல்லாம் செஞ்ச வேலயத்தானே ராவுலயும் செய்ற? இதுல என்னடா வெளையாட்டு?" என்று அம்மா கேட்கிறார்.

கேள்வி நியாயமானது. கேம் என்றாலே சுடுவதும் துரத்துவதும் என்று பழகிய கண்ணுக்கு, ஒரு போல்டைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டுவதற்காகக் காசு கொடுத்து கேம் வாங்குவது விளங்காது. அது இளைப்பாறுதல் என்று சொன்னால் இன்னும் விளங்காது. ஆனால் இதற்குள் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. மலையகத்தில் வேலை எப்படி அளக்கப்பட்டு வந்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காரணம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

## பாவனையும் திருத்தமும்

இந்தக் கேம்களை 'சிமுலேட்டர்' என்கிறார்கள். பாவனை என்று பொருள் கொள்ளலாம். சொப்புச் சாமானில் மணலைக் கொட்டிச் சோறு பொங்கும் பிள்ளை பசிக்காகச் சமைப்பதில்லை. சமைப்பதில் இருக்கும் ஒழுங்கு அதற்குப் பிடித்திருக்கிறது: அடுப்பு மூட்டு, உலை வை, அரிசி போடு, இறக்கு. சிமுலேட்டரும் இப்படித்தான். ஒரு தொழிலின் படிமுறையை எடுத்துக்கொண்டு, அதன் கூலியையும் களைப்பையும் வெளியே விட்டுவிடுகிறது.

'ரிப்பேர்' என்பதற்கு நம் பக்கத்தில் புழங்கும் சொல் 'திருத்துவது'. ரேடியோவைத் திருத்தக் கொடுப்போம். ஆசிரியர் கொப்பியைத் திருத்துவார். இரண்டுக்கும் ஒரே சொல் வந்தது பொருத்தமாகவே படுகிறது. பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் இரண்டிலும் பாதி வேலை.

விண்வெளியில் நடக்கும் இத்தகைய கேம்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. துப்புரவு. 2015 இல் முழுமையாக வெளிவந்த 'விசரா கிளீனப் டீட்டெயில்' கேமில் நீங்கள் விண்வெளி நிலையத்தின் துப்புரவுத் தொழிலாளி. யாரோ ஒரு வீரன் பூதங்களோடு சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டான்; இரத்தமும் குப்பையும் உங்களுக்கு. 2022 இல் முழு வெளியீடு கண்ட 'பவர்வொஷ் சிமுலேட்டர்' பெரும்பாலும் பூமியில் நடப்பது. அதிலும் செவ்வாயில் ஓடும் ஊர்தியை நீர் பீய்ச்சிக் கழுவும் ஒரு வேலை உண்டு.

2. கலைப்பு. இதில் முதலிடம் 'ஹார்ட்ஸ்பேஸ்: ஷிப்பிரேக்கர்' கேமுக்கு. கனடாவின் பிளாக்பேர்ட் இன்டரக்டிவ் நிறுவனம் ஆக்கியது. 2020 இல் முன்னோட்டமாகவும் 2022 மே மாதத்தில் முழுமையாகவும் வந்தது. பழைய விண்கலங்களை வெட்டிப் பிரித்து, உலைக்குப் போக வேண்டியதை உலைக்கும், மீளப் பயன்படுவதை அருகே மிதக்கும் சரக்குப் படகுக்கும் அனுப்ப வேண்டும்.

3. நோயறிந்து திருத்தல். 2022 இல் வந்த 'டின் கேன்' கேமில் ஓர் உயிர்காப்புக் கூண்டுக்குள் நீங்கள் தனியாள். ஒட்சிசன், மின்சாரம், வெப்பம் என்று ஒவ்வொன்றாகக் கைவிரிக்கும். 2024 இல் வந்த 'அங்கிள் சொப்ஸ் ரொக்கெட் ஷொப்' உங்களை ஒரு விண்வெளி கராஜில் வேலைக்கு வைக்கிறது. கையேட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் எந்தப் பாகத்தையும் தொட வேண்டும்.

மூன்றாம் வகை உண்மையில் அவ்வளவு இளைப்பாறுதல் தராது. நேரம் நெருக்கும், வியர்க்கும். இந்தக் கட்டுரையின் கேள்விக்கு முதல் இரண்டு வகைதான் முக்கியம்.

## களைப்பு எங்கிருந்து வருகிறது?

இளைப்பாறுதல் என்றால் சும்மா இருப்பது என்று எடுத்துக்கொண்டால் இந்தக் கேம்கள் புதிராகவே இருக்கும். சும்மா இருக்கும்போது மனம் சும்மா இருப்பதில்லையே. அது கடனை நினைக்கும், நாளைய சண்டையை இன்றைக்கே போட்டுப் பார்க்கும். கைக்கு ஒரு சின்ன வேலை இருந்தால் மனம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். கீரை ஆயும்போதும் பூக்கட்டும்போதும் இது நடக்கிறது.

உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970களிலிருந்து இந்த நிலையை ஆராய்ந்தார். வேலையின் கடினமும் ஆளின் திறனும் கிட்டத்தட்டச் சமமாக இருந்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்து, செய்தது சரியா பிழையா என்பது உடனே தெரிந்தால், மனிதர் நேரத்தை மறந்து அதில் தோய்ந்துவிடுகிறார் என்பது அவருடைய கண்டறிதல். ஆங்கிலத்தில் 'ஃப்ளோ' எனப்படும் இதைத் தமிழில் 'ஒழுக்கு நிலை' என்று சொல்லலாம். கடினம் கூடினால் பதற்றம், குறைந்தால் சலிப்பு.

அப்படியானால் உண்மையான வேலை ஏன் களைப்பைத் தருகிறது? உடல் உழைப்பு ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம், வேலையைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும் அளவுகோல்கள்.

கொழுந்து பறிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இலையும் ஒரு குருத்தும் கிள்ளும் அந்தக் கைவேகம் பெரிய தேர்ச்சி. எது முற்றியது, எது விடவேண்டியது என்பதைக் கண் பார்க்கும் முன்பே விரல் அறிந்துவிடும். ஒழுக்கு நிலைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஆனால் நாள் முடிவில் அந்தத் தேர்ச்சியைத் தராசு ஓர் எண்ணாக்கிவிடுகிறது. தோட்டம் வைத்திருக்கும் கிலோக் கணக்கை எட்டினால் 'பேர்', அதாவது முழுநாள் கூலி, விழும்; எட்டாவிட்டால் 'அரைப்பேர்'. மழை கொட்டியதோ, மலை சரிவானதோ, கொழுந்து இல்லாத மாதமோ, தராசுக்குத் தெரியாது. அதோடு, பறித்த மலை ஒரு வாரம் பத்து நாளில் மறுபடியும் துளிர்த்து நிற்கும். முடிந்தது என்று திரும்பிப் பார்க்க ஒன்றும் இல்லை.

கராஜிலும் வேறு வடிவில் இதே கதைதான். பழுது என்ன என்று தெரியும், ஆனால் சாமான் கிடைக்காது. 2022 பொருளாதார நெருக்கடியில் உதிரிப்பாகமும் இல்லை, எரிபொருளும் இல்லை. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. வேலை தெரிந்த ஆள், வேலை செய்ய முடியாமல் நின்றார். வாடிக்கையாளர் மட்டும் வந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

திருத்த வேலை கேம்கள் என்ன செய்கின்றன என்பதை இப்போது சொல்வது எளிது. வேலையை அப்படியே வைத்துக்கொண்டு இந்த முள்ளை மட்டும் எடுத்துவிடுகின்றன.

1. முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. பவர்வொஷ் சிமுலேட்டரில் ஒரு பாகம் முழுதாகச் சுத்தமானதும் அது ஒருமுறை மின்னி, 'டிங்' என்று ஒலிக்கும். அழுக்கு திரும்பி வராது. வீடு கூட்டிப் பெருக்கும் எவருக்கும் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

2. கருவி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை யாரோ இரவல் வாங்கிப் போனதால் வேலை நிற்காது.

3. பிழையைத் திருப்பி எடுக்கலாம். உண்மைக் கராஜில் திரெட் போன போல்ட் போனதுதான்.

4. யாரும் பின்னால் நின்று பார்ப்பதில்லை. நான்கில் இதற்கே நான் அதிக எடை கொடுப்பேன். மனிதருக்கு அடிப்படையாகத் தேவைப்படும் மூன்றை டெசி, ரையன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்துச் சொன்னார்கள்: தானே தீர்மானிக்கும் உரிமை, செய்ய முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு உறவு. கூலி வேலையில் பெரும்பாலும் முதலாவதுதான் பறிபோகிறது. இந்தக் கேம்கள் திருப்பிக் கொடுப்பதும் அதைத்தான். எந்த மூலையிலிருந்து தொடங்குவது என்பது உங்கள் விருப்பம்.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு ஓர் ஆய்வும் இருக்கிறது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆடும்போதே ஆடுபவரின் மனநிலையைக் கேட்டுப் பதிவு செய்யும் பவர்வொஷ் சிமுலேட்டரின் தனிப் பதிப்பு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். 39 நாடுகளைச் சேர்ந்த 8,695 பேர் கலந்துகொண்டனர். ஏறத்தாழ 72 வீதமானோருக்கு ஆட்டத்தின்போது மனநிலை மேம்பட்டதாகக் கணித்தார்கள். விரும்பி வந்து ஆடியவர்களிடம் எடுத்த கணக்கு என்பதால் எல்லோருக்கும் பொருந்தும் என்று நீட்டக்கூடாது. ஆனாலும் "சுவர் கழுவுவதில் என்ன சந்தோஷம்?" என்ற கேள்விக்கு இது ஒரு பதில்.

## ஏன் விண்வெளி?

கார் திருத்தும் கேம்கள் இருக்கின்றன, வீடு புதுப்பிக்கும் கேம்கள் இருக்கின்றன. அதே வேலையை வானத்துக்குக் கொண்டுபோனால் என்ன கூடுகிறது?

முதலில், பாரம் போய்விடுகிறது. மலையகத்தில் வாழ்பவருக்குப் பாரம் என்பது பாடப்புத்தகச் சொல் இல்லை. ரோட்டில் இறக்கிய கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, ஏற்ற வேண்டும். கூரைத் தகரத்தை இருவராகப் பிடித்துப் படி ஏற வேண்டும். முதுகில் கொழுந்துச் சாக்கோடு சரிவில் கால் பதிக்க வேண்டும். திரையிலோ ஒரு தொன் எடையுள்ள கலத்தின் பக்கச்சுவர், விரலால் தொட்டால் நகர்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 'விண்வெளியில் ஈர்ப்பு இல்லை' என்று பலர் நினைக்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், தரையில் உள்ள ஈர்ப்பில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு இன்னும் இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவரும் பூமியைச் சுற்றி ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பதால்தான் நிறை தெரிவதில்லை. நிறை தெரியாவிட்டாலும் திணிவு போகாது. தள்ளிவிட்ட சுவர் தானாக நிற்காது. நிறுத்த அதே அளவு விசை வேண்டும். ஷிப்பிரேக்கரில் புதிதாக வருபவர் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். அவசரப்பட்டு இழுத்த துண்டு வந்து தலையில் மோதும். மெல்ல இழுத்தவருக்கு அது சொன்னபடி கேட்கும். வேகத்தைக் குறைப்பதே கெட்டிக்காரத்தனம் என்று ஒரு பௌதிக விதி சொல்லித்தரும்போது, உடம்பும் தானாகத் தளர்கிறது.

இரண்டாவது, வெளியே ஆபத்து, உள்ளே கதகதப்பு. தகரக்கூரையில் மழை கொட்டும்போது அடுப்பங்கரையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருக்கும் சுகம் போன்றது இது. கண்ணாடிக்கு அப்பால் உயிரில்லாத இருட்டு. இப்பால் ஒரு விளக்கு, ஒரு கருவிப்பெட்டி. ஆனால் மழைச் சத்தம் சுகமாக இருக்க, கூரை ஒழுகாமலும் பின்னால் மண்மேடு நகராமலும் இருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போனதை மறக்காதவர்கள், கடும் மழை இரவில் கண்ணயர்வதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு, கசிவை அடைத்ததும் அடைந்தே இருக்கும் ஒரு கலத்துக்குள் அரைமணி நேரம் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது, விண்கலத்தில் ஒவ்வொரு பாகமும் ஒரு காரணத்துக்காக இருக்கிறது. அலங்காரத்துக்கு அங்கே இடமில்லை. ஷிப்பிரேக்கரில், காற்றழுத்தத்தை வெளியேற்றாமல் அறையை வெட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் வெடித்துச் சிதறும். எரிபொருள் குழாயை வெறுமையாக்காமல் தொட்டால் தீப்பற்றும். அணுஉலையைக் கழற்றினால் அது உருகும் முன்பே படகில் சேர்க்க வேண்டும். காரணமும் விளைவும் இவ்வளவு நேராகப் பொருந்தும் இடம் வாழ்க்கையில் அரிது.

## கடனோடு தொடங்கும் விளையாட்டு

ஷிப்பிரேக்கரின் கதையை மலையகத் தமிழர் படிக்கும்போது நெஞ்சில் ஒன்று தைக்கும். வேலையில் சேரும் முதல் நாளே நீங்கள் நூறு கோடிக்கு மேல் கடனாளி. நிறுவனம் உங்களை விண்வெளிக்கு ஏற்றி வந்த செலவு, பயிற்சி, உபகரணம் எல்லாம் உங்கள் கணக்கில். அதற்கு மேல் நாள்தோறும் கருவி வாடகை, தங்குமிட வாடகை. ஒட்சிசனையும் காசு கொடுத்துத்தான் நிரப்ப வேண்டும். விபத்தில் இறந்தாலும் விடுதலை இல்லை. உங்களை மறுபடி உருவாக்கி, அந்தச் செலவையும் கடனில் ஏற்றுவார்கள்.

இது கற்பனைதான். ஆனால் கடல் கடந்து வந்த பயணச் செலவு தோட்டத் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது வரலாறு. கொடுத்த அரிசியும் கம்பளியும் கூலியில் கழிக்கப்பட்டதும் வரலாறு. 'துண்டு' என்ற முறையில், இன்ன தொகையைக் கட்டினால் இந்தத் தொழிலாளர்களை விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும். அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் கூடவே போகும். இந்த முறை சட்டப்படி ஒழிந்தது 1921 இல்தான்.

இப்படியொரு கொடுமையை மையத்தில் வைத்திருக்கும் கேம் எப்படி இளைப்பாற்றுகிறது என்பது நல்ல கேள்வி. வேலையையும் வேலைக்கு அமர்த்தியவனையும் அது பிரித்துக் காட்டுகிறது என்பதே என் வாசிப்பு. நிறுவனம் கொடியது, ஆனால் வெட்டும் கருவி கையில் இருக்கும் அந்தப் பொழுது, மெல்லிய கிற்றார் இசையோடு, உங்களுடையது. தொழிலாளர்கள் சங்கம் அமைக்க முயல்வதும் கதையின் முக்கிய இழை. கொழுந்து பறிக்கும் கையின் அழகையும் தராசின் அநியாயத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாத எங்கள் பாட்டிமாருக்கு இந்தப் பிரிவு புதிதல்ல.

## உண்மையான விண்வெளியில் திருத்துவது

அங்கே நிலைமை நேர்மாறு. விண்ணுடையின் கையுறை காற்றழுத்தத்தால் விறைத்திருக்கும். ஒவ்வொரு பிடியும் ஒரு பந்தை அமுக்குவது போல. ஒரு விண்நடை ஆறேழு மணி நேரம் நீளும். அதற்காகத் தரையில் 12 மீற்றர் ஆழமான நீர்த்தொட்டிக்குள் பலமுறை ஒத்திகை பார்க்கிறார்கள்.

1990 ஏப்ரலில் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீற்றர் ஆடியில், விளிம்பு வெறும் 2.2 மைக்ரோமீற்றர் அளவுக்குக் கூடுதல் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. படங்கள் மங்கின. 1993 டிசம்பரில் ஐந்து விண்நடைகளில் அதற்குத் திருத்தக் கண்ணாடிகள் பொருத்தப்பட்டன. 2009 இல் அதே ஹபிளில் விண்வெளி வீரர் மைக் மாசிமினோ ஒரு கைப்பிடியைக் கழற்றப்போனபோது ஒரு ஸ்குறூவின் தலை தேய்ந்து சுழன்றது. நம்மூர் கராஜில் தினமும் நடப்பது. கடைசியில் கையால் இழுத்து உடைத்தார். அதன் பிறகுதான் உள்ளே இருந்த 111 சின்ன ஸ்குறூக்களை அவர் நெருங்க முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2012 செப்டெம்பர் சம்பவம். விண்வெளி நிலையத்தின் மின்பெட்டி ஒன்றைப் பூட்டும் போல்ட் இறுகவில்லை. துளைக்குள் உலோகத் துகள். முதல் முயற்சி தோற்றது. அடுத்த விண்நடைக்கு விண்வெளி வீரர்கள் சுனிதா வில்லியம்ஸும் அகிஹிகோ ஹொஷிதேயும் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கொண்டு செய்த ஒரு கருவியோடு போனார்கள். துளையைத் துப்புரவாக்கி, போல்ட்டைப் பூட்டிவிட்டு வந்தார்கள்.

பெரும்பாலான திருத்த கேம்களில் இந்த பிரஷ்ஷுக்கு இடமில்லை. அங்கே சரியான பாகம் எப்போதும் சரியாகவே பொருந்தும். இருப்பதைக் கொண்டு இல்லாததை ஈடுகட்டும் மூளை, உண்மைத் திருத்துநரின் பெரும் சொத்து. அதை இந்தக் கேம்கள் கற்றுத்தருவதில்லை. கேம் ஆடினால் தொழில் வந்துவிடும் என்று நம்பி, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கான பயிற்சியைத் தள்ளிப்போடுவது பிழை. படிமுறையை மதிப்பது, தொடுமுன் யோசிப்பது போன்ற பழக்கங்களுக்கு வேண்டுமானால் உதவலாம்.

## வீட்டில் கவனிக்க வேண்டியவை

இந்தக் கட்டுரையில் பெயர் சொன்னவை பெரும்பாலும் ஒருமுறை காசு கொடுத்து வாங்குபவை. கைபேசியில் இலவசமாக வரும் 'துப்புரவு', 'திருத்த' கேம்கள் பல வேறு இனம். நிமிடத்துக்கொரு விளம்பரம் வந்து ஒழுக்கு நிலையை வெட்டும். பொறுமை இழந்தவரிடம் காசு கேட்கும். இளைப்பாறத் தேடுபவர் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. நல்ல கணினி இல்லாதவர்கள் மற்றவர் ஆடுவதை யூடியூப்பில் பார்ப்பதும் உண்டு. அதிலும் பாதிச் சுகம் கிடைக்கிறது, டேட்டா செலவு தனி.

மகன் நெடுநேரம் ஆடுகிறான் என்பது மட்டும் நோயாகாது. உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி. 11 வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'கேமிங் கோளாறு' என்பதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன: ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முதலாவதாவது, கெடுதல் நடந்தும் நிறுத்தாமல் தொடர்வது. இவை பொதுவாக ஓராண்டு நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ கெடுத்தால்தான் அந்தப் பெயர். காலையில் நேரத்துக்கு எழும்பி கராஜுக்குப் போகிறவனுக்கு அது பொருந்தாது.

புதிதாகத் தொடங்குபவர் ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஷிப்பிரேக்கரின் வழமையான முறையில் ஒரு வேலைநேரம் 15 நிமிடம். திரையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 'ஓப்பன் ஷிப்ட்' என்ற முறையைத் தெரிந்தெடுத்தால் அந்தக் கடிகாரம் இல்லை. கலம் அதேதான், கருவி அதேதான், அணுஉலையின் ஆபத்தும் அதேதான். பகலில் கராஜில் நிற்பவர் இரவில் இந்த முறையில் ஆடுவதே மேல்.